கேளா ஒலியும் மைசூர் நாடும்

தேவராஜா மார்க்கெட்டில் தேங்காய் வாங்கும் நம் வீட்டுப் பெண்மணிகள் அதனைக் கண்ணால் மட்டும் பார்த்து வாங்குவதில்லை. காதருகே கொண்டுபோய் விரலால் சுண்டிப் பார்க்கின்றனர். முற்றிய காய் ஒருவிதமாய் ஒலிக்கும். இளங்காய் வேறுவிதமாய் ஒலிக்கும். பானை வாங்குவோர் தட்டிப் பார்த்தே வாங்குவர்; கீறல் கண்ட பானை கணீரென்று ஒலிக்காது. வெள்ளி நாணயம் வழங்கிய நாளில் காசைக் கல்லின்மேல் எறிந்து, அது எழுப்பும் ஓசையைக் கேட்டே நல்ல காசு எது, கள்ளக் காசு எது என்று தெளிந்தனர். இரயில்வேக் குடியிருப்புகளில் வளர்ந்த அன்பர்களுக்கு இன்னொரு காட்சியும் நினைவில் இருக்கும். வண்டி நிலையத்தில் வந்து நின்றதும், நீண்ட காம்புடைய சுத்தியலைக் கையிலேந்திய ஊழியர் ஒருவர் சக்கரம் சக்கரமாகத் தட்டிக்கொண்டே நடப்பார். நல்ல சக்கரம் மணிபோல் ஒலிக்கும். ஓசை மந்தமாக எழுந்தால் எங்கோ வெடிப்பு உண்டென்று அவர் அறிந்துகொள்வார். அவருடைய செவியை நம்பியே வண்டி நிறைந்த மக்கள் இரவெல்லாம் கவலையின்றி உறங்கிச் சென்றனர்.

பொருளை உடையாமல், அறுக்காமல், அதன் உள்ளியல்பை ஓசையால் ஆராய்ந்தறியும் இவ்வழக்கம் மிகப் பழையது. இருபதாம் நூற்றாண்டில் இது ஒரு தனி விஞ்ஞானமாக வளர்ந்தது. அவ்வளர்ச்சியின் அதிகாரம் ஒன்று, பழைய மைசூர் சமஸ்தானத்து மண்ணிலேயே, பெங்களூரில் எழுதப்பட்டது. எழுதியவர்களுள் தலையாயவர் திருச்சிராப்பள்ளியில் பிறந்து, பிழைப்பின் பொருட்டும் ஆராய்ச்சியின் பொருட்டும் ஊர் ஊராய்ப் பெயர்ந்து, கடைசியில் கன்னட நாட்டில் நிலைகொண்ட ஒரு தமிழர். சர் சி. வி. இராமன் என்றால் எல்லாரும் ஒளியையே நினைக்கின்றனர். 1928-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாளை நம் பிள்ளைகளும் அறிவர். ஆனால் அப்பெருமகனார் ஒலிக்குச் செய்த தொண்டு, ஒளிக்குச் செய்த தொண்டின் நிழலில் மறைந்துபோயிற்று. அதனை இம்மலரில் எடுத்துரைப்பது பொருத்தமென்று தோன்றிற்று.

இராமனுடைய தந்தையார் சந்திரசேகர ஐயர் கல்லூரியில் கணிதமும் பௌதிகமும் கற்பித்தவர். வயலின் வாசிப்பதில் விருப்பமுடையவர். மணம்புரிந்த லோகசுந்தரி அம்மையாரோ வீணை பயின்றவர். வீட்டில் இசை இவ்வாறு இருபுறமும் சூழ்ந்திருக்க, இராமனுடைய இளமை ஆராய்ச்சிகளில் பெரும்பகுதி ஒலியைப் பற்றியதாய் அமைந்ததில் வியப்பில்லை. 1907-இல் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா சென்ற அவர், அலுவலகம் போகுமுன் காலையிலும், அலுவலகம் விட்டபின் மாலையிலும் பௌபஜார் தெருவிலிருந்த இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தில் ஆராய்ச்சி செய்தார். வயலின் தந்தியின் மேல் வில் உராயும்போது அத்தந்தி எவ்வாறு அதிர்கிறது என்பதைக் குறித்து 1918-இல் அவர் வெளியிட்ட நூல் மேனாட்டாரும் போற்றியது. 1921-இல் வீணையையும் தம்புராவையும் ஆராய்ந்தார். வீணையின் குதிரை தட்டையாய் இராமல் சற்றே வளைந்த மேற்பரப்புடையதாய் இருப்பதும், தம்புராவில் தந்திக்கடியில் நூலிழை செருகுவதும் நம் இசைவாணர் வழிவழியாய்ச் செய்து வருவன. மேனாட்டு நூல்களின் விதிப்படி எழக்கூடாத மேற்சுரங்களும் அவற்றால் எழுகின்றன என்பதை இராமன் காட்டினார். வீணை சேஷண்ணாவின் ஊரில் வாழும் நமக்கு இச்செய்தி இரட்டிப்பு மகிழ்ச்சி தருவதாகும்.

மிருதங்க ஆராய்ச்சி இன்னும் சுவையானது. சாதாரணமாக இழுத்துக் கட்டிய தோலைத் தட்டினால் எழும் பல அதிர்வுகள் ஒன்றோடொன்று இசையா. வெறும் முழக்கமே எழும். ஆனால் மிருதங்கத்தின் வலந்தலையில் சுருதி எழுகிறது. காரணம் நடுவில் படிந்துள்ள கரிய கரணை. இரும்புத் தூளும் மாவும் கலந்த அச்சாந்தைப் படிப்படியாய்த் தேய்த்து ஏற்றும்போது, தோலின் நடுவிடம் கனத்து, அதிர்வுகள் ஒழுங்குபட்டு, 1, 2, 3, 4, 5 என்ற முறையில் இசைந்த சுரங்களாகின்றன. இதனை 1920-இல் குமார் என்பவரோடு சேர்ந்து சுருக்கமாகவும், 1934-இல் விரிவாகவும் இராமன் எழுதினார். பிந்திய கட்டுரை பெங்களூரில் அவர் அவ்வாண்டே நிறுவிய இந்திய விஞ்ஞான அகாதெமியின் முதல் தொகுதியில் வெளிவந்தது. மிருதங்கம் செய்யும் கைவினைஞர் கணிதம் அறியார். செவியையே அளவுகோலாகக் கொண்டு, பளுவை எங்கே எவ்வளவு ஏற்றினால் ஓசை எவ்வாறு மாறும் என்பதைக் கண்டுகொண்டனர். ஒரு பொருளின் பளுவும் விறைப்புமே அதன் ஓசையை ஆள்கின்றன. ஆகையால் ஓசையை அளந்தால் அவ்விரண்டையும் அறியலாம். இவ்வொரு வாக்கியத்துக்குள்ளேயே இக்கட்டுரையின் விஞ்ஞானம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

நிற்க. 1933-இல் இராமன் பெங்களூருக்கு வந்தார். அங்கே டாட்டா பெயரால் வழங்கும் இந்திய விஞ்ஞான நிலையம், மைசூர் அரசர் அளித்த 371 ஏக்கர் நிலத்தில் 1909-ஆம் ஆண்டு முதல் இயங்கி வந்தது. அதன் முதல் இந்திய இயக்குநராக இராமன் அமர்ந்தார். நான்காம் கிருஷ்ணராஜ உடையார் இசையையும் கல்வியையும் இரு கண்களாகப் போற்றியவர். 1935-இல் இராமனுக்கு ‘இராஜசபாபூஷண’ என்ற விருதளித்துச் சிறப்பித்தார். நிருவாகத்தில் எழுந்த பூசல்களால் 1937-இல் இராமன் இயக்குநர் பதவியை விட்டார். ஆயினும் பேராசிரியராய் 1948 வரை அங்கேயே இருந்தார். பூசல்களின் கதை பிறரால் பலமுறை எழுதப்பட்டது. அதே ஆண்டுகளில் அங்கு நிகழ்ந்த ஒலி ஆராய்ச்சியோ அவ்வளவாக எழுதப்படவில்லை.

மனிதச் செவி நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையே கேட்கும். அதற்கு மேற்பட்டவை கேளா ஒலி. மீயொலி என்றும் கூறுவர். 1880-இல் பாரிஸ் நகரத்துக் கியூரி சகோதரர் ஓர் உண்மையைக் கண்டறிந்தனர். குவார்ட்ஸ் போன்ற சில படிகங்களை அழுத்தினால் அவற்றில் மின்சாரம் தோன்றும் என்பதே அது. அதனைத் திருப்பினால், மின்சாரத்தைப் பாய்ச்சிப் படிகத்தை அதிரச் செய்யலாம். முதல் உலகப்போரின்போது, நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டுபிடிக்கும் பொருட்டு, பிரெஞ்சு விஞ்ஞானி லான்ஷவென் குவார்ட்ஸ் தகட்டைக் கொண்டு கடலுக்குள் கேளா ஒலியைச் செலுத்தினார். தகடு மெல்லியதாக ஆக, அதிர்வு பெருகும். நொடிக்கு ஒரு கோடி அதிர்வுகளையும் இவ்வாறு எழுப்பலாம்.

அத்தகைய ஒலி நீரில் செல்லும்போது நிகழ்வதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். நீரில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர். நொடிக்கு ஒரு கோடி அலைகள் எழுந்தால் ஓர் அலையின் நீளம் 0.15 மில்லிமீட்டர். அதாவது, நீரானது இறுகியும் தளர்ந்தும், இறுகியும் தளர்ந்தும், மயிரிழை போன்ற அடுக்குகளாய் நிற்கிறது. விஞ்ஞானிகள் கண்ணாடியில் நெருக்கமாய்க் கோடு கீறி ஒளியைப் பல கற்றைகளாகப் பிரிக்கும் கருவியைக் ‘கீற்றணி’ என்பர். ஒலி பாயும் நீர்த்தொட்டியே ஒரு கீற்றணியாகிவிடுகிறது! அதன் குறுக்கே மெல்லிய ஒளிக்கற்றை ஒன்றைச் செலுத்தினால், எதிர்த் திரையில் நடுக்கோட்டின் இருபுறமும் கோடுகள் தோன்றுகின்றன. மஞ்சள் ஒளியாயின், ஒரு மீட்டர் தூரத்தில் கோட்டுக்குக் கோடு இடைவெளி ஏறத்தாழ 4 மில்லிமீட்டர். அவ்விடைவெளியை அளந்தால் அலைநீளம் தெரியும். அலைநீளம் தெரிந்தால் ஒலியின் வேகம் தெரியும். கேளாத ஒலியைக் கண்ணால் கண்டு அளக்கும் இவ்வித்தையை 1932-இல் அமெரிக்காவில் டிபையும் சியர்ஸும், பிரான்சில் லூக்காவும் பிக்காரும் தனித்தனியே கண்டனர்.

ஆனால் ஒரு புதிர் எஞ்சி நின்றது. 1922-இலேயே பிரில்லுவான் என்ற பிரெஞ்சு அறிஞர் இதனைக் கணித்திருந்தார். அவர் கணக்கின்படி, குறிப்பிட்ட ஒரு சாய்வில் நடுக்கோட்டின் பக்கத்தில் ஒவ்வொரு கோடே தோன்றவேண்டும். சோதனையிலோ ஒளி நேராகப் புகுந்தபோதும் இருபுறமும் பல கோடுகள் தோன்றின. ஒலியை வலுப்படுத்தினால் சில கோடுகள் மங்கின. மங்கியவை மீண்டும் ஒளிர்ந்தன. சில வேளைகளில் நடுக்கோடே மறைந்தும்போயிற்று. இவ்விளையாட்டுக்குக் காரணம் எவர்க்கும் புலப்படவில்லை.

அக்காரணத்தைக் கண்டவர்கள் இராமனும், பெங்களூரில் அவரோடிருந்த நாகேந்திர நாத் என்ற இளம் கணித பௌதிக அறிஞரும் ஆவர். 1935, 1936 ஆகிய ஆண்டுகளில் அகாதெமியின் வெளியீட்டில் ஐந்து பகுதிகளாக அவர்கள் கட்டுரை வந்தது. அதன் உட்கருத்தை ஓர் உவமையால் விளக்கலாம். தசரா ஊர்வலத்தில் அரண்மனையிலிருந்து பன்னிமண்டபம் நோக்கிப் படைவீரர் தோளோடு தோள் சேர்ந்து ஒரே நேர்வரிசையாய் நடந்துவருவதைக் கண்டிருப்பீர்கள். அவ்வரிசை ஒரு வயலைக் கடக்க நேர்ந்ததென்று கொள்வோம். வயலில் ஒரு பட்டை கெட்டி நிலம், அடுத்த பட்டை சேறு, மறுபடி கெட்டி நிலம், மறுபடி சேறு என்று நீளவாட்டில் அமைந்திருக்கிறது. சேற்றில் நடந்தவர் சற்றே பின்தங்குவர். கெட்டி நிலத்தில் நடந்தவர் முந்துவர். வயலைக் கடந்து வெளிவரும்போது ஆள் எண்ணிக்கை குறைந்திராது. வரிசை மட்டும் நெளி தகரம்போல் வளைந்து நெளிந்திருக்கும். ஒளியின் நிலையும் அதுவே. இறுகிய நீரில் ஒளி சற்றே தாமதிக்கிறது. தளர்ந்த நீரில் முந்துகிறது. ஒளி சிறிதும் தடுக்கப்படவில்லை. அதன் அலைமுகம் மட்டுமே நெளிந்துபோகிறது. நேராய் வந்த அலைமுகம் நெளிந்து வெளிவந்தால், அது பல திசைகளில் பிரிந்து செல்லவே செய்யும். நெளிவின் ஆழம் எவ்வளவு என்பதைப் பொறுத்து எந்தக் கோடு ஒளிரும், எது மங்கும் என்பதைப் பெஸல் சார்புகள் என்னும் கணித வரிசையைக் கொண்டு அவ்விருவரும் முன்கூட்டியே கூறினர். நடுக்கோடு முற்றும் மறையும் நிலையையும் கூறினர்.

கனடாவில் சாண்டர்ஸ் என்பவர் 1936-இல் கோடுகளின் ஒளிர்வை அளந்து, அக்கணக்கோடு ஒப்பிட்டார், பொருந்தியது. ‘இராமன்–நாத் கொள்கை’ என்று உலகெங்கும் பாடநூல்களில் அது இடம்பெற்றது. லேசர் ஒளியை ஒலியால் திருப்பவும், அடக்கவும், விரைந்து மாற்றவும் செய்யும் இன்றைய கருவிகளை வகைப்படுத்துகையில், ‘இராமன்–நாத் நிலை’ என்ற சொல்லைப் பொறியாளர் நாள்தோறும் வழங்குகின்றனர். இருந்தும், நாகேந்திர நாத்தின் பெயரை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? ஆசானுடைய பெயருக்குப் பின்னே ஒரு சிறு கோட்டால் ஒட்டப்பட்டு நிற்பதோடு அவர் புகழ் முடிந்துபோனது எம் மனத்துக்கு ஒரு குறையாகவே படுகிறது. கணக்கின் சுமையைத் தோளில் தாங்கியவர் அவர்.

கொள்கை வகுத்ததோடு பெங்களூர் நின்றுவிடவில்லை. எஸ். பார்த்தசாரதி என்பார் 1935-இல் இம்முறையைக் கொண்டு பல்வேறு கரிமத் திரவங்களில் கேளா ஒலியின் வேகத்தை அளந்து வெளியிட்டார். பிற்காலத்தில் புதுதில்லித் தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்திலும் அவ்வழியே உழைத்தார். திரவத்தில் ஒலியின் வேகத்தை அறிவதால் ஆவதென்ன என்று சிலர் வினவலாம். பொருள் எவ்வளவு விறைப்பாயிருக்கிறதோ அவ்வளவு விரைவாய் ஒலி அதில் செல்லும். எவ்வளவு கனமாயிருக்கிறதோ அவ்வளவு தாமதிக்கும். வேகத்தை அதனாலேயே பெருக்கி, வரும் தொகையை அடர்த்தியால் பெருக்கினால், அப்பொருளின் மீட்சித் திறன் கிடைத்துவிடும். அழுத்தும் பொறி வேண்டா; உடைத்துப் பார்த்தலும் வேண்டா. காற்றில் நொடிக்கு 340 மீட்டர் செல்லும் ஒலி, எஃகில் ஏறத்தாழ 5,900 மீட்டர் செல்கிறது. வைரத்திலோ 17,500 மீட்டர்! மண்ணில் கிடைக்கும் பொருள்களுள் வைரத்தை விஞ்சும் விறைப்புடையது அரிது என்பதை இவ்வெண்ணே சொல்லிவிடுகிறது.

வைரம் என்றதும் அடுத்த கதைக்கு வந்துவிட்டோம். திரவத்தில் ஒலி எத்திசையிலும் ஒரே வேகத்தில் செல்லும். படிகத்தில் அவ்வாறன்று. விறகை நாரோட்டத்தில் பிளப்பது எளிது, குறுக்கே வெட்டுவது அரிது என்பதுபோல, படிகத்துக்கும் திசைதோறும் இயல்பு வேறு. வைரம் போன்ற கனசதுரச் சீருடைய படிகத்தின் மீட்சியைக் கூற மூன்று எண்கள் வேண்டும். நேரே அழுத்தினால் எவ்வளவு எதிர்க்கும் என்பது ஒன்று. பக்கவாட்டில் சரித்தால் எவ்வளவு எதிர்க்கும் என்பது மற்றொன்று. ஒரு திசையில் அழுத்தும்போது மறு திசை எவ்வாறு பங்குகொள்கிறது என்பது மூன்றாவது. 1934-இல் செருமனியின் பிரெஸ்லௌ நகரில் ஷேஃபரும் பெர்க்மனும் கண்ணாடிக் கட்டிகளுள்ளும் படிகங்களுள்ளும் கேளா ஒலியைச் செலுத்தி, ஒளியைப் பாய்ச்சி, பூக்கோலம் போன்ற அழகிய உருவங்களைத் திரையில் வீழ்த்தினர். மார்கழி மாதத்துக் கோலத்தைக் கண்டு பழகிய கண்களுக்கு அவை அந்நியமாய்த் தோன்றா. அக்கோலத்தின் வடிவத்திலிருந்தே மீட்சி எண்கள் பெறப்பட்டன.

ஆனால் வைரமோ பெருங்கட்டியாய்க் கிடைப்பதன்று. மெல்லிய சிறு தகடுகளே ஆராய்ச்சியாளர் கைக்கு எட்டின. கல்கத்தாவில் இராமனிடம் பயின்ற சூரி பகவந்தம், இராமன் இளமையில் வளர்ந்த விசாகப்பட்டினத்தை அடுத்த வால்டேரில், ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கூடம் அமைத்திருந்தார். அவரும் பீமசேனாச்சாரும் ஒரு நுட்பமான உபாயத்தைக் கையாண்டனர். குவார்ட்ஸை ஒரே கனமாய் அறுக்காமல், ஒரு முனை தடித்தும் மறுமுனை மெலிந்தும் இருக்குமாறு ஆப்பு வடிவில் தேய்த்தனர். ஆப்பின் ஒவ்வோரிடமும் ஒவ்வோர் அதிர்வெண்ணுக்கு உரியது. ஆதலால் ஒரே குவார்ட்ஸ் துண்டு பற்பல அதிர்வெண்களை எழுப்பவல்லதாயிற்று. எந்த அதிர்வெண்ணில் வைரத் தகடு ஒலியைத் தாராளமாய் ஊடுருவ விடுகிறது என்று தேடிக் கண்டு, அதிலிருந்து வேகத்தைக் கணித்தனர். முடிவு 1944-இல் சுருக்கமாகவும், 1946-இல் இலண்டன் இராயல் சங்கத்தின் வெளியீட்டில் விரிவாகவும் வந்தது. வைரத்தின் மீட்சி எண்கள் முழுவதையும் கேளா ஒலியால் முதன்முதல் உலகுக்கு அளித்தவர்கள் இவர்களே. போர்க்காலத்தில், கருவிகளுக்குப் பஞ்சம் நிலவிய நாளில், வால்டேரில் இது நடந்தது.

ஒன்றை இங்கு மறைக்காமல் கூறவேண்டும். விழா மலர்களில் நம்மவர் பெருமையை மட்டும் எழுதி, மற்றதை விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இலட்சங்கோடி டைன் என்ற அலகில், வால்டேர் கண்ட எண்கள் 9.5, 4.3, 3.9 ஆகும். 1957-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் மக்ஸ்கிமினும் பாண்டும் அதே கேளா ஒலியைக் கொண்டு, இன்னும் செம்மையான கருவிகளால் அளந்தபோது 10.76, 5.76, 1.25 என்று கிடைத்தன. பின்வந்த அளவுகள் எல்லாம் பெல் ஆய்வுக்கூடத்தின் எண்களையே உறுதிசெய்தன. முதல் எண்ணில் பிழை பெரிதன்று. வேகத்தில் 6 விழுக்காடு குறைந்தால், மீட்சி எண்ணில் அது 12 விழுக்காடாய்ப் பெருகும். மூன்றாம் எண்ணோ மூன்று மடங்கு மிகுந்துபோயிற்று. அவ்வெண்ணை நேரே அளக்க வழியில்லை. மற்ற அளவுகளிலிருந்து கழித்தே பெறவேண்டும். நூறிலிருந்து தொண்ணூறைக் கழித்து மிச்சத்தைக் காண்பவன், தொண்ணூறில் செய்யும் சிறு பிழை மிச்சத்தைப் பெரிதும் கெடுப்பதை அறிவான்.

இப்பிழை சிறிய செய்தியன்று. படிகங்களில் அணுக்கள் எவ்வாறு அதிர்கின்றன என்பதைக் குறித்து இராமனுக்கும் மாக்ஸ் போர்னுக்கும் 1940-களில் பெரும் வாதம் நடந்தது. அதற்குக் களமாய் அமைந்த பொருள் வைரமே. 1935-இல் செருமனியை விட்டு வெளியேறியிருந்த போர்னைப் பெங்களூருக்கு அழைத்து வந்தவரே இராமன்தான் என்பது விதியின் விளையாட்டு. வாதத்தில் போர்னின் கொள்கையே நிலைபெற்றது. இராமன் தம் கருத்தை இறுதிவரை கைவிடவில்லை. ஆசானிடம் அளவற்ற பக்தியுடையோர் இன்றும் இதனை ஒப்பத் தயங்குவர். அளவை அளவென்று ஏற்பதே அவர் நமக்குக் கற்பித்தது என்று எமக்குத் தோன்றுகிறது.

வெளியிலிருந்து ஒலியைச் செலுத்தாமலே பொருளின் மீட்சியை அறியவும் பெங்களூரில் வழி தேடினர். எப்பொருளும், சூடுள்ள வரையில், தன்னுள்ளே ஓயாமல் நடுங்கிக்கொண்டிருக்கிறது. அந்நடுக்கமும் ஒலியலைகளே, நொடிக்குப் பல்லாயிரங்கோடி அதிர்வுடைய ஒலியலைகள். அவற்றின்மேல் பட்டுச் சிதறும் ஒளியின் நிறம் மிகமிகச் சிறிது மாறும். 1939-இல் இராமனும் வெங்கடேசுவரனும் கிளிசரினில் அம்மாற்றத்தை அளந்து, பாகுபோன்ற அத்திரவம் அத்தகைய விரைந்த அதிர்வுக்குத் திடப்பொருள்போல் விறைத்து நிற்கிறது என்பதற்குச் சான்று காட்டினர். 1947-இல் ஆர். எஸ். கிருஷ்ணன், பாதரச விளக்கின் புறஊதா ஒளியைக் கொண்டு வைரத்திலேயே இதனைக் கண்டார். இம்முறை இன்று லேசர் ஒளியின் துணையால் உலகெங்கும், வெள்ளியத்தாளினும் மெல்லிய படலங்களின் விறைப்பை அறியப் பயன்படுகிறது.

1940-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஃபயர்ஸ்டோன், உலோகத்தினுள் கேளா ஒலித் துடிப்பை அனுப்பி, அதன் எதிரொலியால் உள்வெடிப்பைக் காட்டும் கருவிக்கு உரிமை கோரினார். சோவியத் நாட்டில் சொகோலவ் அதற்கு முன்பே அவ்வழியில் முயன்றிருந்தார். அன்று சுத்தியலோடு நடந்த இரயில்வே ஊழியரின் இடத்தில் இன்று கேளா ஒலிக் கருவியோடு நடக்கும் ஊழியர் இருக்கிறார். தண்டவாளத்தின் தலைக்குள் மறைந்திருக்கும் மயிரிழை வெடிப்பையும், அச்சின் நடுவே தோன்றும் கீறலையும் அக்கருவி காட்டிவிடும். சுத்தியல் ஓசை வெடிப்பு முற்றிய பின்பே உண்மை கூறும். கேளா ஒலி அது அரும்பும்போதே கூறும். பெங்களூரில் உருவாகிய தேஜஸ் விமானத்தின் உடற்கட்டில், எடைக்கணக்கில் ஏறத்தாழ 45 விழுக்காடு கரியிழைக் கலப்புப் பொருளாகும். அடுக்கடுக்காய் ஒட்டப்பட்ட அவ்விழைகளின் நடுவே எங்கேனும் ஒட்டு விட்டிருந்தால் வெளியே தெரியாது. தட்டினாலும் எளிதில் தெரியாது. கேளா ஒலியைச் சாண் சாணாய்ச் செலுத்தியே அதனைத் தெளிகின்றனர். வானில் பறப்பவன் உயிர் அவ்வொட்டில் தொங்குகிறது.

தமிழ்நாட்டுக் கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் இத்துறையில் பேர்பெற்றது. வேக அணு உலையில் வெப்பத்தைச் சுமப்பது உருகிய சோடியம். அது வெள்ளிபோல் மின்னும். ஒளி அதனுள் புகாது. அதற்குள் மூழ்கியிருக்கும் பகுதிகள் இருந்த இடத்தில் இருக்கின்றனவா என்று பார்க்கக் கண்ணால் இயலாது. கேளா ஒலியே அங்குக் கண்ணாகிறது. உலைகளுக்குரிய எஃகு வகைகள் நெடுநாள் வெப்பத்தில் எவ்வாறு முதுமையடைகின்றன என்பதையும், அவற்றுள் ஒலி செல்லும் வேகமும் தேய்வும் கொண்டு அங்கே ஆராய்கின்றனர்.

அம்மையத்தார் ஒருமுறை தம் கருவிகளோடு கன்னட நாட்டு ஹம்பிக்கு வந்தனர். விட்டலர் கோயில் மகாமண்டபத்து இசைத் தூண்களை அறியாதார் இலர். நெல்லையப்பர் கோயிலிலும், மதுரையிலும், சுசீந்திரத்திலும் அத்தகைய தூண்களை நாம் கண்டிருக்கிறோம். விரலால் தட்டினால் ஒன்று மணிபோலும், ஒன்று மத்தளம்போலும் ஒலிக்கும். கல்லுக்குள் குழல் உண்டு, அதனால்தான் ஒலிக்கிறது என்று வழிகாட்டிகள் கூறுவது வழக்கம். நாமும் தலையசைத்துக் கேட்டு வருவோம். உடைத்துப் பார்க்கவோ துளையிட்டுப் பார்க்கவோ ஒண்ணாத கலைச்செல்வம் அது. பல்தேவ் ராஜ் முதலிய கல்பாக்கத்து விஞ்ஞானிகள் பதினொரு தூண்களின் ஓசையைப் பதிவு செய்து பகுத்தனர். குறைந்த அதிர்வெண்ணுடைய கேளா ஒலியைத் தூண்களின் ஊடே செலுத்தினர். 2008-இல் அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் இதழில் முடிவு வெளியாயிற்று. குழல் ஏதும் இல்லை. தூண்கள் உள்ளும் புறமும் கல்லே. மெலிந்து உயர்ந்த அக்கற்கம்பங்கள் வளைந்து அதிர்வதால்தான் ஓசை எழுகிறது. ஒவ்வொன்றின் நீளத்தையும் கனத்தையும் கொண்டு கணித்த அதிர்வெண்ணும், பதிவில் கேட்ட அதிர்வெண்ணும் இசைந்தன. விசயநகரத்துச் சிற்பி உளியும் செவியும் கொண்டு கல்லைச் செதுக்கிச் சுருதி சேர்த்தான். கரணையைத் தேய்த்து ஏற்றும் மிருதங்கக் கைவினைஞர் செய்வதும் அதுவே.

ஹம்பித் தூண்களைத் தட்டுவதற்கு இப்போது தொல்பொருள் துறையார் தடை விதித்திருக்கின்றனர். நூற்றாண்டுகளாய் விரல் பட்டுத் தேய்ந்த கல் அது. செல்லும் அன்பர்கள் கண்ணால் கண்டு வரலாம்.